எவ்வளவு குறைக்கலாம்?

“கட்டியத்தான் முழுசா எடுத்துட்டோம்னு சொன்னீங்களே டாக்டர், அப்புறம் எதுக்குத் தலைக்கும் முதுகுக்கும் கரண்ட் வைக்கணும்?”

குழந்தைகளின் மூளைக்கட்டிக்குச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளில் பெற்றோர் கேட்கும் கேள்வி இது. கரண்ட் வைப்பது என்று நம் மக்கள் சொல்வது கதிர்வீச்சுச் சிகிச்சையை. அதில் உடம்புக்குள் மின்சாரம் பாய்வதில்லை. ஊடுருவும் கதிர்களைக் குறிபார்த்துச் செலுத்துகிறார்கள். கேள்வி நியாயமானதுதான். ஸ்கேனில் கட்டி இருந்த இடம் காலியாகத் தெரிகிறது. பிள்ளை எழுந்து உட்கார்ந்து சாப்பிடுகிறது. இந்த நேரத்தில், ஆறு வாரம் கதிர்வீச்சு, பிறகு பல மாதங்களுக்குக் கீமோ என்று மருத்துவர் சொன்னால் யாருக்கும் மனம் பதறும். அதிலும், தலையில் வந்த கட்டிக்கு முதுகில் என்ன வேலை?

இதற்கு விடை தெரிய மருத்துவ உலகுக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின. விடை தெரிந்ததும் அதைவிடக் கடினமான இன்னொரு கேள்வி எழுந்தது: எவ்வளவு கதிர்வீச்சு போதும், எவ்வளவு குறைக்கலாம்? அந்தக் கேள்விக்கு இன்றுவரை ஆராய்ச்சி நடக்கிறது. குழந்தைகளின் மூளைப் புற்றுநோயில் பிழைப்பவர்கள் எண்ணிக்கை எப்படி உயர்ந்தது என்பதைப் புரிந்துகொள்ள மெடுலோபிளாஸ்டோமா என்ற ஒரே ஒரு கட்டியின் வரலாறு போதும். குழந்தைகளுக்கு வரும் மூளைக்கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று இதுதான். தீவிரமான புற்றுக்கட்டிகளில் முதலிடமும் இதற்கே. பின்மண்டையில், உடலின் சமநிலையைக் கவனித்துக்கொள்ளும் சிறுமூளைப் பகுதியில் இது வளர்கிறது.

இதை ஒரு தனி நோயாக அடையாளம் கண்டு 1925-இல் விவரித்தவர்கள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பணியாற்றிய ஹார்வி குஷிங்கும் பெர்சிவல் பெய்லியும். நவீன மூளை அறுவை சிகிச்சைக்கு அடித்தளம் போட்டவர் குஷிங். அவருடைய கைக்கு மிஞ்சிய கை அன்று உலகில் இல்லை என்றே சொல்லலாம். 1930-இல் அவர் தன் அனுபவத்தைத் தொகுத்து வெளியிட்டார். 61 நோயாளிகள். மூன்று ஆண்டுகள் தாண்டி உயிரோடு இருந்தவர் ஒரே ஒருவர். கட்டியைக் கண்ணால் பார்த்து, கையால் எடுத்து, அப்படியும் 60 பேரை இழந்திருக்கிறார். கைத்திறனில் குறை என்று சொல்ல வழியே இல்லை. நோயைப் பற்றிய அறிவில்தான் ஏதோ விடுபட்டிருந்தது.

விடுபட்டது ஒரு நீரோட்டம். மூளைக்குள் சில அறைகள் உண்டு. அவற்றில் தெளிந்த ஒரு நீர் ஊறி, மூளையைச் சுற்றி, தண்டுவடத்தின் அடிவரை இறங்கி, மறுபடி மேலேறுகிறது. மூளைத் தண்டுவட நீர் என்று பெயர். மெடுலோபிளாஸ்டோமா வளர்வது இந்த ஓட்டத்தின் கரையிலேயே. வாய்க்கால் ஓரத்து வயலில் களை மண்டினால், அந்த வயலில் மட்டும் களைபறித்து என்ன பயன்? விதைகள் தண்ணீரோடு மிதந்து கீழே உள்ள வயலுக்கெல்லாம் முன்பே போய்ச் சேர்ந்திருக்கும். அப்படித்தான் இந்தக் கட்டியின் செல்களும் நீரில் உதிர்ந்து முதுகுத்தண்டின் ஏதோ ஒரு மூலையில் ஒட்டிக்கொள்கின்றன. ஸ்கேனில் தெரியும் அளவுக்கு அவை வளரும்போது காலம் கடந்துவிடும்.

இங்கிலாந்தின் மான்செஸ்டரில் கிறிஸ்டி மருத்துவமனையில் பணியாற்றிய எடித் பேட்டர்சன் இந்த நீரோட்டம் முழுவதற்கும் சிகிச்சை கொடுத்தார். கட்டி இருந்த இடத்துக்கு மட்டுமின்றி மூளை முழுவதற்கும், தண்டுவடத்தின் கடைசி நுனி வரைக்கும் கதிர்வீச்சு. 1953-இல் அவரும் ஃபார் என்பவரும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில், மூன்று ஆண்டுகள் பிழைத்திருந்தவர்கள் 65 விழுக்காடு என்று கணக்குக் காட்டினார்கள். நோயாளிகள் எண்ணிக்கை சிறியதுதான், இருபத்தேழு பேர். ஆனாலும் 61-இல் ஒருவர் என்ற இடத்திலிருந்து மூவரில் இருவர் என்ற இடத்துக்கு ஒரே தாவல். மருத்துவமனை வராந்தாவில் நிற்கும் பெற்றோரின் கேள்விக்கு விடை இதுதான். முதுகில் கரண்ட் வைப்பது கண்ணுக்குத் தெரியாத அந்தச் செல்களுக்காக.

பிழைத்த பிள்ளைகள் வளரத் தொடங்கியபோதுதான் அந்த வெற்றியின் விலை தெரிந்தது. சிலர் வகுப்பில் பின்தங்கினார்கள். முதுகெலும்பு வளர்ச்சி குன்றி உயரம் குறைந்தது. தலையில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டதால் வளர்ச்சி ஹார்மோன் போதவில்லை. மூன்று, நான்கு வயதில் கதிர்வீச்சு பெற்ற குழந்தைகளுக்குப் பாதிப்பு மிக அதிகம். அந்த வயதில் மூளையின் நரம்பு இழைகள்மீது மயலின் என்ற உறை படிந்துகொண்டிருக்கும். செய்தி வேகமாகப் போக அந்த உறை வேண்டும். கதிர்வீச்சு அந்த வேலையைக் கெடுக்கிறது.

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் உள்ள செயின்ட் ஜூட் குழந்தைகள் ஆராய்ச்சி மருத்துவமனை இந்தப் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து சோதித்தது. நுண்ணறிவுச் சோதனைகளில் மதிப்பெண் ஆண்டுக்கு ஆண்டு இறங்கியது. கற்றதை அவர்கள் மறக்கிறார்களா என்று பார்த்தால், இல்லை. சிகிச்சைக்கு முன் தெரிந்தது அப்படியே இருந்தது. புதிதாகக் கற்கும் வேகம்தான் சக வயதுப் பிள்ளைகளைவிடக் குறைந்திருந்தது. வயது ஏற ஏற இடைவெளி அகன்றது. இந்த வேறுபாடு மிக முக்கியமானது என்று நான் நினைக்கிறேன். வேகம்தான் குறை என்றால், கூடுதல் நேரமும் தனிக் கவனமும் கொடுத்துப் பள்ளிக்கூடம் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

கதிர்வீச்சின் அளவைக் ‘கிரே’ என்ற அலகில் சொல்வார்கள். மூளை முழுவதற்கும் தண்டுவடத்துக்கும் நெடுங்காலம் கொடுத்த அளவு 36 கிரே. கட்டி இருந்த இடத்துக்குக் கூடுதலாகக் கொடுப்பதையும் சேர்த்தால் மொத்தம் 54 கிரே வரை போகும். இந்த 36-ஐக் குறைத்தால் என்ன? குறைத்துப் பார்த்துவிடலாம் என்று ஒரு மருத்துவர் தன் நோயாளிகளுக்கு மட்டும் முயன்றால் எதுவும் புரியாது. அவரிடம் வந்த பிள்ளைகள் இயல்பாகவே லேசான நோய் உள்ளவர்களாக இருக்கலாம். அதனால்தான் பல மருத்துவமனைகள் சேர்ந்து, பெற்றோரின் சம்மதத்தோடு, எந்தப் பிள்ளைக்கு எந்த அளவு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்கின்றன. சமவாய்ப்பு ஒதுக்கீடு என்று இதைச் சொல்லலாம். மருத்துவரின் விருப்பமோ பெற்றோரின் வசதியோ அதில் குறுக்கிட முடியாது. இரண்டு குழுவும் மற்ற எல்லாவற்றிலும் ஒத்திருக்கும் என்பதால், முடிவில் தெரியும் வேறுபாட்டுக்குச் சிகிச்சையே காரணம் என்று துணிந்து சொல்லலாம். குழந்தையின் உயிர் விஷயத்தில் குலுக்கலா என்று முதலில் கேட்பவர்களுக்குத் துணுக்கென்று இருக்கும். எது நல்லது என்று உண்மையிலேயே யாருக்கும் தெரியாதபோது மட்டும்தான் இதற்கு அனுமதி என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1980-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் அப்படி ஒரு சோதனை தொடங்கியது. ஒரு குழுவுக்கு 36 கிரே, மற்றதற்கு 23.4 கிரே. குறைந்த அளவு பெற்ற பிள்ளைகளுக்கு நோய் சீக்கிரம் திரும்பத் தொடங்கியதும் சோதனையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். குறைக்க முடியாது என்று அங்கேயே கதை முடிந்திருக்கலாம். ஆனால் இதே காலத்தில் ரோஜர் பேக்கர் என்ற குழந்தை நரம்பியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும், கதிர்வீச்சுக்குப் பின் சிஸ்பிளாட்டின், வின்கிரிஸ்டின், லோமஸ்டின் ஆகிய மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து நல்ல பலன் கண்டிருந்தார்கள். குறைத்த கதிர்வீச்சோடு இந்த மருந்துகளையும் சேர்த்தால்? 379 பிள்ளைகளைக் கொண்ட பெரிய ஆய்வின் முடிவு 2006-இல் வந்தது. 23.4 கிரே மட்டுமே பெற்று, கீமோவும் எடுத்துக்கொண்ட பிள்ளைகளில் 86 விழுக்காட்டினர் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். பரவாத, அறுவையில் பெரும்பாலும் நீக்கப்பட்ட கட்டி உள்ளவர்களுக்கு உலகெங்கும் இன்று இதுவே வழக்கமான சிகிச்சை.

இன்னும் குறைக்கலாமா? மூன்று முதல் ஏழு வயதுப் பிள்ளைகளிடம் 18 கிரே சோதிக்கப்பட்டது. 2021-இல் வெளிவந்த முடிவு ஏமாற்றமளித்தது. நோய் திரும்பாமல் ஐந்து ஆண்டுகளைக் கடந்தவர்கள் 23.4 கிரே குழுவில் ஏறக்குறைய 83 விழுக்காடு, 18 கிரே குழுவில் 71 விழுக்காடு. அதே ஆய்வில் ஒரு நல்ல செய்தியும் இருந்தது. கூடுதல் கதிர்வீச்சைப் பின்மண்டைப் பகுதி முழுவதற்கும் கொடுக்காமல் கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கொடுத்தால் போதும், பலன் குறையவில்லை. குறைக்கக்கூடிய இடம் எது, கூடாத இடம் எது என்பதை இரக்கத்தை வைத்து ஊகிக்க முடியாது. சோதித்துத்தான் அறிய வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு புதிர் மிச்சமிருந்தது. நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே தெரியும் கட்டி, ஒரே அறுவை, ஒரே கதிர்வீச்சு, ஒரே மருந்து. ஒரு பிள்ளை கல்லூரிக்குப் போகிறது, இன்னொன்றுக்கு ஓராண்டில் நோய் திரும்புகிறது. 2002-இல் பாஸ்டனைச் சேர்ந்த ஸ்காட் பொமராய் குழுவினர், கட்டியின் செல்களில் எந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன, எவை அடங்கிக் கிடக்கின்றன என்று ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒரே நேரத்தில் அளந்து பார்த்தார்கள். உருவத்தில் தெரியாத வேறுபாடு அங்கே தெரிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கனடா, ஐரோப்பா, அமெரிக்கா என்று வெவ்வேறு குழுக்கள், வெவ்வேறு குழந்தைகளின் கட்டிகளை வைத்துத் தனித்தனியாக இதைச் செய்தன. 2010-இல் பாஸ்டனில் கூடி ஒப்பிட்டபோது எல்லாருடைய பிரிவுகளும் பெருமளவு ஒன்றோடொன்று பொருந்தின. ஒருவரையொருவர் பார்த்து எழுதாத விடைத்தாள்கள் ஒத்துப்போனால் அந்த விடையை நம்பலாம். மெடுலோபிளாஸ்டோமா ஒரு நோயில்லை, குறைந்தது நான்கு நோய்கள் என்று 2012-இல் அறிவித்தார்கள்.

முதல் வகை ‘விண்ட்’. மெடுலோபிளாஸ்டோமாக்களில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் இந்த வகை வந்த குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். இரண்டாவது ‘சானிக் ஹெட்ஜ்ஹாக்’. கரு வளரும்போது சிறுமூளை செல்களைப் பெருகச் சொல்லும் சமிக்ஞையின் பெயர் அது. அந்தச் சமிக்ஞை ஓயாமல் ஓடுவதால் வருவது இந்தக் கட்டி. மற்ற இரண்டுக்கும் மூன்றாம் பிரிவு, நான்காம் பிரிவு என்று எண்கள்தான் பெயர். மூன்றாம் பிரிவில், மிக் என்ற மரபணு பல பிரதிகளாகப் பெருகியிருந்தால் நிலைமை மிகக் கடினம். இரண்டாம் வகையின் சமிக்ஞையைத் தடுக்க விஸ்மோடெகிப் என்ற மாத்திரை வந்தது. ஆனால் வளரும் எலும்புகளுக்கும் அதே சமிக்ஞை வேண்டும். சிறு பிள்ளைகளுக்குக் கொடுத்தபோது எலும்பின் வளர்முனைகள் காலத்துக்கு முன்பே மூடிக்கொண்டன. பெரியவர்களுக்கு நல்லதாக இருக்கும் மருந்து வளரும் உடம்பில் என்ன செய்யும் என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

விண்ட் வகைப் பிள்ளைகள் மட்டும் ஏன் இவ்வளவு நன்றாகத் தேறுகிறார்கள்? அதற்கு ரிச்சர்ட் கில்பர்ட்சன் குழுவினர் கண்ட விடையை இந்தத் துறையின் மிக அழகான கண்டுபிடிப்புகளில் ஒன்றாக நான் கருதுகிறேன். மூளையின் ரத்தக்குழாய்களில் செல்கள் இடைவெளியின்றி நெருக்கமாகப் பிணைந்திருக்கும். ரத்தத்தில் ஓடும் பெரும்பாலான மருந்துகள் அந்தச் சுவரைத் தாண்டி மூளைக்குள் போக முடியாது. ரத்த மூளைத் தடுப்பு என்பது இதுதான். விண்ட் வகைக் கட்டி சுரக்கும் சில பொருட்கள், பக்கத்து ரத்தக்குழாய்களில் இந்தத் தடுப்பு உருவாகவிடாமல் செய்கின்றன. குழாய்கள் ஓட்டையாகின்றன; கொடுத்த கீமோ கட்டிக்குள் தாராளமாக நிறைகிறது. தன் அழிவுக்கான வழியைக் கட்டி தானே திறந்து வைக்கிறது. சானிக் ஹெட்ஜ்ஹாக் கட்டியிலோ அந்தத் தடுப்பு அப்படியே இருக்கிறது. மருந்து வெளியிலேயே நின்றுவிடுகிறது. 2016-இல் வந்த இந்த ஆய்வு, மற்றக் கட்டிகளிலும் தடுப்பைத் தற்காலிகமாகத் திறக்க முடியுமா என்ற தேடலுக்கு ஊக்கமளித்தது.

கட்டிக்குள் கீமோ இவ்வளவு நன்றாக இறங்குமானால் விண்ட் வகைக்குக் கதிர்வீச்சே வேண்டாமே? அமெரிக்காவில் கதிர்வீச்சு இல்லாமல் கீமோ மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். முதலில் சேர்ந்த இரண்டு பிள்ளைகளுக்கும் சிகிச்சை முடிந்த சிறிது காலத்திலேயே நோய் திரும்ப, ஆய்வு மூடப்பட்டது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் தேஜ்பால் குப்தா குழுவினர் வேறொரு வழியை முயன்றார்கள். கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கதிர்வீச்சு, தண்டுவடத்துக்கு வேண்டாம் என்று. கட்டி இருந்த இடத்துக்கு வெளியே நோய் திரும்பியது; அதுவும் நிறுத்தப்பட்டது. எழுபது ஆண்டுகளுக்கு முன் எடித் பேட்டர்சன் பார்த்த நீரோட்டம் இன்றும் தன் வேலையைச் செய்கிறது. இதனால் இப்போது பல நாடுகளில் நடக்கும் ஆய்வுகள் கதிர்வீச்சை முற்றிலும் நீக்காமல், விண்ட் வகைக்கு மட்டும் 18 கிரே அளவுக்குக் குறைத்துப் பார்க்கின்றன. டாடா மையத்தைச் சேர்ந்த நீலம் ஷிர்சாத் குழுவினர், பாரஃபின் மெழுகில் பதித்து வைத்த சாதாரணத் திசுத் துண்டிலிருந்தே நான்கு வகைகளைப் பிரித்தறியும் சோதனை ஒன்றை உருவாக்கியதையும் இங்கே சொல்ல வேண்டும். வகை தெரியாமல் குறைக்க முடியாது. வகை காணும் சோதனை மலிவாக இல்லாவிட்டால் நம் பிள்ளைகளுக்குப் பயனில்லை.

அதே நீரோட்டம் இப்போது உளவு சொல்லவும் தொடங்கியிருக்கிறது. இறக்கும் புற்றுச் செல்கள் தம் மரபுப்பொருளின் துணுக்குகளைத் தண்டுவட நீரில் விடுகின்றன. இடுப்பில் ஊசி போட்டு எடுத்த நீரில் அந்தத் துணுக்குகளைத் தேடினார்கள் செயின்ட் ஜூட் ஆய்வாளர்கள். நோய் திரும்பிய பிள்ளைகளில் பாதிப் பேருக்கு, எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிவதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே நீரில் தடயம் கிடைத்தது. யாருக்குக் குறைக்கலாம், யாருக்குக் கூட்ட வேண்டும் என்பதைச் சிகிச்சையின் நடுவிலேயே முடிவு செய்யும் வழி இதில் இருக்கிறது.

எல்லா மூளைக்கட்டிக்கும் இப்படி ஏறுமுகம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூச்சையும் விழுங்குவதையும் இயக்கும் மூளைத்தண்டில் பரவி வளரும் கிளையோமா கட்டியை வெட்டி எடுக்க முடியாது. நிலவில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங்கின் மகள் கேரன் 1962-இல் இரண்டு வயதில் இறந்தது மூளைத்தண்டுக் கட்டியால்தான். அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் இந்த நோய் வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் ஓராண்டைத் தாண்டுவதில்லை. ஆனால் 2012-இல் இதற்குக் காரணமான மரபணு மாற்றம் தெரிந்தது. 2024-இல் முடிவு வெளியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வில், நோயாளியின் நோயெதிர்ப்புச் செல்களையே மாற்றியமைத்து உடலில் செலுத்தியபோது, சிகிச்சை பெற்ற 11 பேரில் நால்வருக்குக் கட்டி பாதிக்கு மேல் சுருங்கியது. அந்த நால்வரில் ஒருவருக்கு முற்றிலும் மறைந்தது. பதினொரு பேர் என்பது சிறிய எண். இந்த நோயில் இதற்கு முன் கட்டி முற்றிலும் மறைவது ஏறக்குறைய கேள்விப்படாத ஒன்று.

கதிர்வீச்சின் பாதிப்பைக் குறைக்கக் கருவியை மாற்றும் வழியும் உண்டு. 2019-இல் சென்னையில் நாட்டின் முதல் புரோட்டான் சிகிச்சை மையம் திறக்கப்பட்டது. எக்ஸ் கதிர் உடம்பை ஊடுருவி மறுபக்கம் வரை போகும். புரோட்டான் துகள் குறித்த ஆழத்தில் தன் ஆற்றலைக் கொட்டிவிட்டு நின்றுவிடும். முதுகுக்குக் கொடுக்கும்போது முன்னால் உள்ள இதயமும் குடலும் தப்புகின்றன. நல்ல கருவி, ஆனால் எல்லாருக்கும் எட்டும் செலவில் இல்லை. புரோட்டான் கிடைக்காத பெற்றோர் மனம் உடைய வேண்டாம் என்பதே என் கருத்து. சாதாரணக் கதிர்வீச்சை உரிய நேரத்தில் தொடங்கி, இடையில் விடாமல் முடிப்பது உயிரைக் காக்கும் விஷயம். அறுவைக்குப் பின் ஏழு வாரம் கடந்து கதிர்வீச்சைத் தொடங்கியவர்களுக்கும், தொடங்கியதை 50 நாட்களுக்கு மேல் இழுத்தவர்களுக்கும் பலன் குறைந்ததை ஐரோப்பிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் குணமாகிறார்கள் என்றும், ஏழை, நடுத்தர நாடுகள் பலவற்றில் 30 விழுக்காட்டுக்கும் குறைவு என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்தப் பள்ளத்துக்குத் தாமதமாகக் கண்டுபிடிப்பதும் சிகிச்சையைப் பாதியில் விடுவதும் பெரிய காரணங்கள்.

கண்டுபிடிக்கும் நேரத்தைக் குறைக்க முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. பிரிட்டனில் 2011-இல் தொடங்கிய ‘ஹெட்ஸ்மார்ட்’ என்ற விழிப்புணர்வு இயக்கம் அறிகுறிகளைப் பெற்றோருக்கும் மருத்துவர்களுக்கும் எளிமையாகச் சொல்லிக் கொடுத்தது. அறிகுறி தொடங்கியதிலிருந்து நோய் உறுதியாகும் வரையான காலம் 14 வாரத்திலிருந்து 7 வாரத்துக்குக் கீழே இறங்கியது. அந்த அறிகுறிகள் இவை: காலையில் எழுந்ததும் தலைவலியோடு வாந்தி, நடையில் தள்ளாட்டம், புதிதாக வந்த மாறுகண் அல்லது பார்வைக் குறைவு, தலையை ஒரு பக்கமாகவே சாய்த்து வைத்திருப்பது. கட்டி நீரோட்டத்தை அடைப்பதால் மண்டைக்குள் அழுத்தம் ஏறுகிறது. படுத்திருக்கும்போது அது இன்னும் கூடுவதால்தான் காலையில் தொல்லை அதிகம். பிள்ளைகளின் தலைவலியும் வாந்தியும் பெரும்பாலும் சாதாரணக் காரணங்களால் வருபவைதான். ஆனால் இவற்றில் ஏதாவது ஒன்று இரண்டு வாரம் நீடித்தால், அல்லது இரண்டு சேர்ந்து வந்தால், வயிற்று மருந்தோடு விட்டுவிடாதீர்கள். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், கண் மருத்துவரிடம் விழியின் பின்புறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், ஸ்கேன் தேவையா என்று கூச்சமில்லாமல் கேளுங்கள்.